விண்டோஸ் கணினியை மந்தமாக்கும் பின்னணி சர்வீஸ்கள்: எதை நிறுத்தலாம், எதில் கை வைக்கக் கூடாது

"இந்த நாற்பது சர்வீஸையும் டிஸேபிள் பண்ணுங்க, கம்ப்யூட்டர் பறக்கும்" என்று சொல்லும் வீடியோவைப் பார்த்துவிட்டு, பட்டியலை மேலிருந்து கீழே அப்படியே செய்து முடித்தவர்களின் கணினிகளை அடிக்கடி பார்க்கிறேன். வைஃபை இருக்காது, சத்தம் வராது, சில சமயம் லாகின் திரையைத் தாண்டவே முடியாது. வேகம் மட்டும் பழையபடியே இருக்கும்.

விண்டோஸில் நூற்றுக்கும் மேற்பட்ட சர்வீஸ்கள், அதாவது திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடும் புரோகிராம்கள், உண்டு. பெரும்பாலானவை வேலை வரும்வரை சும்மா கிடப்பவை, அவற்றை நிறுத்துவதால் ஒன்றும் மிச்சமாகப் போவதில்லை. கணினியை உண்மையில் இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அது எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் சரிசெய்ய வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் கீழே உள்ளவை பொருந்தும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், ஒவ்வொரு படியும் அடுத்த படியில் வரக்கூடிய ஆபத்தைக் குறைப்பதற்காகத்தான் அந்த இடத்தில் இருக்கிறது.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ள கணக்கு வேண்டும். கூடவே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் நினைவில் இருக்க வேண்டும், நான்கு இலக்க பின் எண் மட்டும் போதாது. தவறான சர்வீஸ் நின்றுபோனால் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், அப்போது பாஸ்வேர்டு ஒன்றுதான் வழி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து ஒரு வருடமாகப் பின் எண் மட்டுமே அடித்துக்கொண்டிருப்பவர்கள், பாஸ்வேர்டு சரிதானா என்று ஒருமுறை பிரவுசரில் நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய மடிக்கணினியாக இருந்தால் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். ரெக்கவரி திரைக்குப் போகும்போது அது பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) ரெக்கவரி கீயைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் அந்த 48 இலக்க எண் இருக்கும். முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்து ரீஸ்டோர் பாயின்ட், அதாவது ஏதாவது கெட்டால் திரும்பி வருவதற்காகச் சேமித்து வைக்கும் இப்போதைய நிலை. ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடினால் வரும் பெட்டியில், சி டிரைவுக்கு எதிரே 'ஆன்' என்று இருக்கிறதா பாருங்கள். பல கணினிகளில் 'ஆஃப்' என்றுதான் இருக்கும். கான்ஃபிகர் போய் ஆன் செய்துவிட்டு, கிரியேட் அழுத்தி ஒன்றை உருவாக்குங்கள். சர்வீஸ்களின் அமைப்பெல்லாம் விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில்தான் இருக்கிறது, ரீஸ்டோர் பாயின்ட் அதையும் சேர்த்தே பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

கடைசியாக, ஒரு நோட்டோ டெக்ஸ்ட் ஃபைலோ. எந்த சர்வீஸ், முன்பு என்ன நிலை, இப்போது என்ன நிலை, தேதி. இதைச் சோம்பேறித்தனத்தால் விடுபவர்கள்தான் பிறகு எதை மாற்றினோம் என்று தெரியாமல் விழிப்பார்கள்.

2. ஷட் டவுன் போதாது, ரீஸ்டார்ட் செய்யுங்கள்

டாஸ்க் மேனேஜரைத் திறங்கள்: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைச் சொடுக்கினால் கீழே 'அப் டைம்' என்று ஒன்று தெரியும். தினமும் இரவு ஷட் டவுன் செய்கிறேன் என்று சொல்பவரின் கணினியில்கூட அது பதினைந்து நாள், இருபது நாள் என்று காட்டும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உள்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. அதன் நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே எழும்புகிறது. சிக்கிக்கொண்ட ஒரு சர்வீஸோ டிரைவரோ இருந்தால் அதுவும் கூடவே எழுந்துவிடும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

ஆகவே முதலில் ஒரு ரீஸ்டார்ட். நிறையப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். இனி சர்வீஸில் எதை மாற்றினாலும் சோதிப்பதற்கு ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

3. யார் தின்கிறார்கள் என்று அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

ரீஸ்டார்ட் ஆனதும் உடனே பார்க்காதீர்கள். தொடக்கத்தில் எல்லாமே ஒன்றாக ஓடும், 'ஆட்டோமேட்டிக் டிலேய்ட் ஸ்டார்ட்' வகை சர்வீஸ்கள் இரண்டு நிமிடம் கழித்துத்தான் கிளம்பவே ஆரம்பிக்கும். பத்து நிமிடம் எதையும் திறக்காமல் விட்டுவிட்டு, அப்புறம் டாஸ்க் மேனேஜரின் பிராசஸஸ் பகுதிக்குப் போங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் அதிகம் எடுப்பது மேலே வரும். இரண்டு மூன்று நிமிடம் கண் வைத்துப் பாருங்கள். ஒரு நொடி எகிறி இறங்குவது கணக்கில்லை, இறங்காமல் நிற்பதுதான் கணக்கு.

பட்டியலில் 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்ற பெயர் டஜன் கணக்கில் இருக்கும். அதைப் பார்த்து வைரஸ் என்று பயப்படுபவர்கள் உண்டு. மூன்றரை ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் விண்டோஸ் 10-இன் 2017 பதிப்பிலிருந்து பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி ஹோஸ்ட்டில் ஓடுகின்றன, அதனால்தான் எண்ணிக்கை அதிகம். ஒன்று விழுந்தால் மற்றதையும் சேர்த்து இழுக்காது என்பதோடு, எது தின்கிறது என்று நமக்கும் தெளிவாகத் தெரியும். அந்த வரியின் இடப்பக்க அம்புக்குறியைச் சொடுக்கினால் உள்ளே இருக்கும் சர்வீஸின் பெயர் வரும். அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் சர்வீசஸ்' கொடுத்தால் சர்வீசஸ் ஜன்னலே திறந்துவிடும்.

டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்று, யார் காரணம் என்று புரியவில்லை என்றால் ரிசோர்ஸ் மானிட்டரைத் தேடித் திறந்து டிஸ்க் பகுதியைப் பாருங்கள். எந்த பிராசஸ் எந்த ஃபைலைப் படிக்கிறது என்றே காட்டும். ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் பெயரைப் பார்த்தாலே பாதி நேரம் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

பூட் ஆவதற்கு மட்டும் நேரம் எடுக்கிறதா? விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிவு செய்து காட்டும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், ஆப்பரேஷனல் என்ற வரிசையில் போங்கள். 100 என்ற எண் உள்ள பதிவில் பூட் ஆக எடுத்த நேரம் மில்லிசெகண்டில் இருக்கும். 103 என்ற எண் இருந்தால், தாமதம் செய்த சர்வீஸின் பெயரே அதில் இருக்கும். இவ்வளவு நேரடியான ஆதாரம் இருக்கும்போது ஊகத்தில் ஏன் இறங்க வேண்டும்?

4. சர்வீஸைத் தொடும் முன், சர்வீஸ் அல்லாதவற்றை

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் இருப்பவை சர்வீஸ்கள் அல்ல, லாகின் ஆனதும் திறக்கும் சாதாரண ஆப்கள். சாட் ஆப்கள், கேம் லாஞ்சர்கள், கிளவுட் சின்க் எல்லாம் இங்கேதான் இருக்கும். தேவையில்லாததை டிஸேபிள் செய்தால் கெடுதல் எதுவும் இல்லை, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். ஆபத்து மிகக் குறைவு, பலன் அதிகம் என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன். 'ஸ்டார்ட்அப் இம்பேக்ட்' ஹை என்று இருப்பவற்றில் தொடங்குங்கள். டச்பேட், ஆடியோ, கிராபிக்ஸ் தொடர்பானவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

பிரவுசரையும் பாருங்கள். குரோம், எட்ஜ் இரண்டிலும் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள், மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதை ஆஃப் செய்யுங்கள். எட்ஜில் ஸ்டார்ட்அப் பூஸ்ட் என்பதையும் சேர்த்து.

5. ஸ்டார்ட்அப் டைப் என்றால் என்ன, எப்படி மாற்றுவது

ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறங்கள். ஒரு சர்வீஸை இரட்டைச் சொடுக்கினால் ஸ்டார்ட்அப் டைப் என்ற இடத்தில் நான்கு நிலைகள் இருக்கும்.

ஆட்டோமேட்டிக் என்றால் பூட் ஆகும்போதே தொடங்கும். டிலேய்ட் ஸ்டார்ட் என்றால் மற்றவை தொடங்கியபின் தொடங்கும். மேனுவல் என்றால் நாமேதான் தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வேறொரு புரோகிராமோ விண்டோஸோ கேட்டால் அது தானாக எழும், வேலை இல்லாவிட்டால் கிடக்கும். டிஸேபிள்ட் என்றால் யார் கேட்டாலும் எழாது. அதைத் தேவைப்படும் புரோகிராம் 1058 என்ற எரரோடு நிற்கும், அதை நம்பியிருக்கும் இன்னொரு சர்வீஸ் 1068 என்று சொல்லி விழும்.

எனவே சந்தேகமான எதையும் நேரே டிஸேபிள் செய்யாதீர்கள். நான் செய்யும் வரிசை இது:

முதலில் டிபென்டன்சீஸ் பகுதியைப் பாருங்கள். கீழ்ப்பெட்டியில் இதை நம்பி இருக்கும் சர்வீஸ்களின் பட்டியல் இருக்கும், அது நீளமாக இருந்தால் அந்த சர்வீஸை விட்டுவிடுங்கள். காலியாக இருந்தால் ஸ்டாப் மட்டும் கொடுங்கள், டைப்பை மாற்ற வேண்டாம். கணினி அப்போதே லேசாகிறதா, ஏதாவது கெடுகிறதா என்று அரைமணி நேரம் வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். கெட்டால் ரீஸ்டார்ட் கொடுத்தாலே எல்லாம் பழையபடி ஆகிவிடும். பலன் தெரிந்தால் மட்டும் மேனுவலுக்கு மாற்றி, குறித்துக்கொண்டு, ரீஸ்டார்ட் செய்து, ஓரிரு நாள் விடுங்கள். அப்படியும் திரும்பத் திரும்ப எழுந்து தொல்லை கொடுத்தால்தான் டிஸேபிள்ட்.

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ஐந்தைச் சேர்த்து மாற்றினால் பலன் எதனால் வந்தது, கோளாறு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

பெயரின் முடிவில் அடிக்கோடும் அதன்பின் அர்த்தமில்லாத எழுத்து எண்களுமாகச் சில சர்வீஸ்கள் தெரியும். இவை லாகின் செய்யும் ஒவ்வொரு பயனருக்கும் புதிதாக உருவாகுபவை. இங்கே மாற்றினாலும் நிற்காது, நேரத்தை வீணாக்காதீர்கள்.

6. வெளி நிறுவனங்களின் சர்வீஸ்கள்

பெரும்பாலான நேரம் தீர்வு இங்கேதான் இருக்கிறது. சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறந்து சர்வீசஸ் பகுதிக்குப் போங்கள். கீழே 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். வேறு எதையும் தொடும் முன் அதில் டிக் போடுங்கள். டிக் போடாமல் 'டிஸேபிள் ஆல்' அழுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்தவர்கள்தான் லாகின் திரையில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த ஒரு கட்டத்துக்காகவே இந்தப் படியை மெதுவாகச் செய்யச் சொல்வேன். பக்கத்தில் பூட் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதில் சிபியு எண்ணிக்கையை மாற்றினால் வேகம் கூடும் என்பார்கள். கூடாது. விண்டோஸ் எல்லா கோர்களையும் ஏற்கெனவே பயன்படுத்துகிறது, அங்கே எதையும் தொடாதீர்கள்.

டிக் போட்டபின் மிஞ்சும் பட்டியல் சின்னது. அதில் வழக்கமாகக் கிடைப்பவை: பல நிறுவனங்களின் அப்டேட்டர்கள், எப்போதோ தூக்கிப் போட்ட பிரிண்டரின் உதவி சர்வீஸ், சரியாக அன்இன்ஸ்டால் ஆகாத ஆன்டிவைரஸின் மிச்சம், பயன்படுத்தாத விபிஎன். இனித் தேவையே இல்லாத மென்பொருள் என்றால் சர்வீஸை மட்டும் நிறுத்தாமல் மென்பொருளையே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அப்டேட் ஆகும்போது நிறுத்திய சர்வீஸ் மறுபடி ஆட்டோமேட்டிக் ஆவது சாதாரணம்.

கல்லூரி புராஜெக்ட்டுக்காகப் போட்ட மைஎஸ்கியூஎல் அல்லது எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், புராஜெக்ட் முடிந்து எத்தனையோ நாள் கழித்தும் ஒவ்வொரு பூட்டிலும் எழுந்து ரேமைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதை மேனுவலுக்கு மாற்றி, தேவைப்படும் அன்று சர்வீசஸ் ஜன்னலில் ஸ்டார்ட் கொடுத்தால் போதும். அலுவலகக் கணினி என்றால் ஒரு எச்சரிக்கை: பில்லிங், கணக்கு மென்பொருள்கள் அதே டேட்டாபேஸை நம்பி ஓடக்கூடும், உரிமத்தைச் சரிபார்க்கத் தனி சர்வீஸும் வைத்திருக்கும். அவற்றைக் கேட்காமல் நிறுத்தினால் மறுநாள் காலை பில் போட முடியாது.

7. விண்டோஸின் சொந்த சர்வீஸ்கள்: அடிக்கடி சிக்குபவை

சிஸ்மெயின். முன்பு சூப்பர்ஃபெட்ச் என்று பெயர். அடிக்கடி திறக்கும் ஆப்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் உள்ள கணினியில் பூட் ஆனபின் டிஸ்கை நெடுநேரம் பிடித்துக்கொள்வதுண்டு. ஐந்தாம் படியில் சொன்னபடி நிறுத்திப் பாருங்கள், சிலவற்றில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் இருந்தால் தொட வேண்டாம்.

விண்டோஸ் சர்ச். ஃபைல்களை இன்டெக்ஸ் செய்வது, அதாவது வேகமாகத் தேடுவதற்காகப் பட்டியலிடுவது இதுதான். புதிதாக விண்டோஸ் போட்டபின்போ, பெரிய அளவில் ஃபோட்டோக்களை காப்பி செய்தபின்போ சில மணி நேரம் உழைக்கும், முடிந்ததும் அடங்கிவிடும். 'இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' திறந்து 'இன்டெக்ஸிங் கம்ப்ளீட்' என்று வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். டிஸேபிள் செய்தால் அவுட்லுக்கில் மெயில் தேடுவதும் பாதிக்கும். அதைவிட செட்டிங்ஸில் 'சர்ச்சிங் விண்டோஸ்' பகுதியில் கிளாசிக் என்று வைத்து, லட்சக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் கிடக்கும் ஃபோல்டர்களை விலக்கிவிடுவது நல்லது.

டெலிமெட்ரி. கணினியின் பயன்பாட்டுத் தகவலை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்புவது. 'கனெக்டட் யூசர் எக்ஸ்பீரியன்சஸ் அண்ட் டெலிமெட்ரி' என்ற சர்வீஸை வீட்டுக் கணினியில் டிஸேபிள் செய்யலாம், ஆனால் வேகத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். டிஸ்கைப் பிடிப்பது பெரும்பாலும் 'மைக்ரோசாஃப்ட் கம்பேட்டிபிலிட்டி டெலிமெட்ரி' என்ற வேறொரு பிராசஸ். அது சர்வீஸே அல்ல, டாஸ்க் ஷெட்யூலரில் அப்ளிகேஷன் எக்ஸ்பீரியன்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கம்பேட்டிபிலிட்டி அப்ரைசர் என்ற டாஸ்க். சர்வீஸை நிறுத்தியும் அது வருகிறதே என்று குழம்புபவர்கள் அங்கே பாருங்கள்.

பிரிண்ட் ஸ்பூலர். சும்மா இருக்கும்போது இது எதையும் தின்னாது. தின்கிறது என்றால் ஏதோ ஒரு பிரிண்ட் வேலை சிக்கியிருக்கிறது. ஜெராக்ஸ் கடைக் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். ஸ்பூலரை ஸ்டாப் செய்து, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற வரிசையில் போய், அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் கொடுங்கள். பிரிண்டரே இல்லையென்று டிஸேபிள் செய்தால் 'பிரிண்ட் டு பிடிஎஃப்' வசதியும் போய்விடும்.

விண்டோஸ் அப்டேட். டிஸேபிள் செய்தாலும் வேறொரு சர்வீஸ் அதை மறுபடி எழுப்பிவிடும், தவிர பாதுகாப்பு அப்டேட்களை இழப்பது சரியல்ல. செட்டிங்ஸில் ஐந்து வாரம் வரை தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம் ('பாஸ்'). மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் அந்த வைஃபையை மீட்டர்ட் கனெக்ஷன் என்று குறித்துவிடுங்கள், டேட்டா பெருமளவு மிஞ்சும். டெலிவரி ஆப்டிமைசேஷனில் அப்டேட் ஃபைல்களை மற்ற கணினிகளோடு பகிர்வதை ஆஃப் செய்யுங்கள். 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' ஓடினால் அப்டேட் நடந்துகொண்டிருக்கிறது, நடுவில் கொல்லாமல் முடிய விடுங்கள்.

'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்பது டிஃபெண்டர். ஸ்கேன் நேரத்தில் மட்டும் ஏறும். எந்நேரமும் ஏறியே இருந்தால், இன்னொரு ஆன்டிவைரஸின் மிச்சம் இருந்து இரண்டும் ஒரே ஃபைலைப் படிக்கின்றனவா என்று பாருங்கள்.

8. கை வைக்கவே கூடாதவை

ரிமோட் புரொசீஜர் கால், டிகாம் சர்வர் பிராசஸ் லாஞ்சர் இரண்டும் அடித்தளம். பெயரில் ரிமோட் என்று இருப்பதால் யாரோ வெளியிலிருந்து நுழைவார்கள் என்று பயந்து நிறுத்தப் பார்க்கிறார்கள். கணினிக்குள் ஒரு புரோகிராம் இன்னொன்றோடு பேசுவதற்கே அது வேண்டும்.

டிஹெச்சிபி கிளையன்ட், டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் நின்றால் நெட் போகும். பேஸ் ஃபில்டரிங் எஞ்சின் நின்றால் ஃபயர்வால் விழும். விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர் நின்றால் சத்தம் வராது. யூசர் புரொஃபைல் சர்வீஸ் நின்றால் லாகின் ஆகாது.

வெளிநாட்டுப் பட்டியல்களில் "பாதுகாப்பாக நிறுத்தலாம்" என்று வரும் இரண்டை நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று ஸ்மார்ட் கார்டு சர்வீஸ். டெண்டர், வருமானவரி, ஜிஎஸ்டி வேலைகளுக்குச் செருகும் டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பி டோக்கனை விண்டோஸ் ஸ்மார்ட் கார்டாகத்தான் பார்க்கிறது. இதை நிறுத்தினால் டோக்கனே தெரியாது, ஆடிட்டர் அலுவலகத்தில் கடைசித் தேதியன்று இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொன்று டச் கீபோர்டு சர்வீஸ். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் டெக்ஸ்ட் இன்புட் மேனேஜ்மென்ட் சர்வீஸ் என்று இருக்கும். தொடுதிரை இல்லையே என்று நிறுத்தினால் ஸ்டார்ட் மெனுவில் எழுத்து விழாது, தமிழ் கீபோர்டுக்கு மாறுவதும் சிக்கலாகும்.

9. சிக்கிக்கொண்டால்

லாகின் திரை வரை வருகிறது என்றால், பவர் ஐகானில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் ஆனதும் 4 அழுத்தினால் சேஃப் மோட். அங்கே சர்வீசஸ் ஜன்னல் திறக்கும், நோட்டைப் பார்த்துக் கடைசியாக மாற்றியதைத் திருப்புங்கள்.

அதுவும் முடியாவிட்டால் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கிறது. லாகின் திரையே வராவிட்டால், லோகோ தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் ரெக்கவரி திரை தானாக வரும்.

10. இவ்வளவுக்குப் பிறகும் மந்தம் என்றால்

டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் 0-க்குக் கீழே ஹெச்டிடி (பழைய வகை ஹார்ட் டிஸ்க்) என்று இருக்கிறதா, எஸ்எஸ்டி என்று இருக்கிறதா? விண்டோஸ் ஹெச்டிடியில் இருந்தால் எந்த சர்வீஸை நிறுத்தியும் ஓரளவுக்கு மேல் வேகம் கூடாது. எஸ்எஸ்டிக்கு மாற்றுவதுதான் தீர்வு. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்ததுமே மெமரி 90 சதவீதத்தைத் தொட்டால் ரேம் போதவில்லை, இன்னொரு ஸ்லாட் இருக்கிறதா என்று அதே பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரி சொல்லும். மடிக்கணினி வேலை செய்யும்போது மட்டும் சிபியு வேகம் ஜிகாஹெர்ட்ஸில் திடீரென்று இறங்குகிறது, ஃபேன் கத்துகிறது என்றால் அது சூடு. கடையில் கொடுத்துத் தூசி எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள்.